பஸ் கிளம்பும் முன் பத்து நிமிடம்! ராத்திரிப் பயணிகளே, உஷார்!

மாலை ஐந்தரை மணி. கோயம்பேடு பஸ் நிலைய வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது.

இறங்கியவர்கள் வயதான தம்பதி. கையில் ஒரு சூட்கேஸ். இரண்டு கட்டைப் பை. ஒரு எவர்சில்வர் தூக்கு. தூக்கு நிறைய முறுக்கு.

நாகர்கோவிலில் மகள் வீடு. மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பேரனுக்குக் காது குத்து. ஆறு மணி பஸ்சுக்கு டிக்கெட். பக்கத்து வீட்டுப் பையன் செல்போனிலேயே பதிவு செய்து கொடுத்திருந்தான்.

"நாகர்கோவில் பஸ் எங்கே நிக்கும் தம்பி?" என்று பெரியவர் ஒரு கண்டக்டரிடம் கேட்டார்.

கண்டக்டர் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார்.

"பெரியவரே, இது இங்கே இருந்து கிளம்பாதுங்க. கிளாம்பாக்கம் போகணும். சீக்கிரம் ஓடுங்க!"

எங்கே ஓடுவது? கோயம்பேட்டில் இருந்து கிளாம்பாக்கம் சுமார் 30 கிலோமீட்டர். அதுவும் சாயங்கால நெரிசல். இன்னொரு ஆட்டோ பிடித்து, பேரம் பேசி, தவித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழேகால். அவர்கள் பஸ் செங்கல்பட்டையே தாண்டியிருக்கும்.

ராத்திரி பத்தரை மணி பஸ்சில்தான் இடம் கிடைத்தது. மறுபடியும் காசு. நாகர்கோவிலில் இறங்கியபோது பகல் பதினொன்றரை. "தாத்தா வரட்டும்" என்று அழுத பேரனைச் சமாதானப்படுத்தி, நல்ல நேரம் போய்விடுமே என்று காதைக் குத்தி முடித்துவிட்டார்கள்.

தப்பு யார் மேல்? ஏறும் இடம் டிக்கெட்டில் இருந்தது. பதிவு செய்த பையனும் படிக்கவில்லை. பெரியவரும் படிக்கவில்லை.

ராத்திரி பஸ்சில் வரும் வம்பு பல நேரம் பஸ் கிளம்பும் முன்பே தொடங்கிவிடுகிறது. ஒரு பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். பணமும் தப்பும். சில சமயம் உயிரும் தப்பும்.

எந்த பாக்கம்?

ஒரு காலத்தில் வெளியூர் பஸ் என்றால் பாரிமுனை. 2002 நவம்பரில் கோயம்பேடு நிலையம் திறக்கப்பட்டது. ஆந்திரா பஸ்களுக்காக 2018-ல் மாதவரம் வந்தது. 2023 டிசம்பர் 30-ந் தேதி கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்டது. தென் மாவட்டங்களுக்குப் போகும் அரசு விரைவு பஸ்கள் உடனே அங்கே மாறின. 2024 ஜனவரியில் ஆம்னி பஸ்களும் மாறின.

இருபது வருடம் கோயம்பேட்டுக்குப் போன கால், இன்னும் தானாக அங்கேயே போகிறது. அதுதான் கோளாறு.

எனவே, "எனக்குத் தெரியும்" என்று கிளம்பக் கூடாது. எந்த ஊர் பஸ் எந்த நிலையத்தில் இருந்து என்பது அவ்வப்போது மாறுகிறது. போன தீபாவளிக்கு ஏறிய இடத்தில் இந்தப் பொங்கலுக்கு பஸ் வராமல் போகலாம். டிக்கெட்டில் என்ன போட்டிருக்கிறதோ, அதுதான் சரி.

இன்னொரு குழப்பமும் உண்டு. கிளாம்பாக்கம் வேறு, கேளம்பாக்கம் வேறு! கிளாம்பாக்கம் இருப்பது ஜி.எஸ்.டி. சாலையில், வண்டலூரைத் தாண்டி. கேளம்பாக்கம் இருப்பது பழைய மகாபலிபுரம் சாலையில். வாடகைக் கார் பிடிக்கும்போது செல்போனில் ஒரு எழுத்து மாறிவிட்டால், பஸ் ஒரு பக்கம், பயணி ஒரு பக்கம். காரில் ஏறியதும் டிரைவரிடம் "வண்டலூர் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோடு பஸ் ஸ்டாண்டுதானே?" என்று வாயால் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும்.

வட சென்னை, மத்திய சென்னைக்காரர்கள் தாம்பரம் வரை மின்சார ரெயிலில் வந்து, அங்கே மாநகர பஸ் பிடிப்பது நல்லது. சாயங்காலம் ஜி.எஸ்.டி. சாலையில் கார் நிற்கும், ரெயில் நிற்காது.

கிளாம்பாக்கம் வாசலுக்கு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் நினைக்கக் கூடாது. இடம் பெரிசு. அரசு பஸ்கள் ஒரு பக்கம், ஆம்னி பஸ்கள் தனிப் பக்கம். மூட்டை முடிச்சோடு நடக்கவே நேரம் பிடிக்கும். முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய்விடுவது உத்தமம்.

நள்ளிரவு குழப்பம்

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் கிளம்பும் பஸ்சில் பலர் ஏமாந்து போகிறார்கள்.

டிக்கெட்டில் 15-ந் தேதி, 00.30 என்று இருக்கிறது. பயணி என்ன நினைக்கிறார்? "15-ந் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் சரி" என்று நினைக்கிறார். ஆனால் அந்த பஸ் 14-ந் தேதி ராத்திரியே போய்விடும். 12 மணி அடித்ததுமே தேதி மாறிவிடுகிறது. 14-ந் தேதி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால்தான் அந்த பஸ்!

ஆகவே டிக்கெட் கைக்கு வந்ததும் நாலு விஷயம் பார்க்க வேண்டும். ஏறும் இடம். தேதியும் மணியும். இறங்கும் இடம். பயணியின் பெயர். இந்த நாலையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். செல்போனில் சார்ஜ் தீர்ந்தாலும் சீட்டு பேசும். அசல் அடையாள அட்டை ஒன்றும் கூட இருக்கட்டும்.

ஆம்னி பஸ் என்றால் வண்டி நம்பரும் டிரைவர் செல்போன் நம்பரும் புறப்படுவதற்கு முன் குறுஞ்செய்தியாக வருவது வழக்கம். அதை அழிக்கக் கூடாது. வீட்டில் இருப்பவருக்கும் அனுப்பி வைத்தால், ராத்திரி அவர்களும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

எந்த சீட்?

பின் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள கடைசி வரிசையில்தான் குலுக்கல் அதிகம். ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கினால், கடைசி சீட்டுக்காரர் ஒரு முழம் மேலே போய் வருவார். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள சீட்தான் சுகம். கர்ப்பிணிகள், முதுகு வலிக்காரர்கள், வயதானவர்கள் நடு சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.

பஸ்சில் வாந்தி வரும் ஆசாமிகள் கொஞ்சம் முன்பக்கமாக உட்கார்ந்து தூரத்து ரோட்டைப் பார்க்க வேண்டும். செல்போனைக் குனிந்து பார்த்தால் குமட்டல் கூடும். மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டு, கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். வயிற்றைப் பிரட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும்.

படுக்கை பஸ்சில் கால் முன்பக்கமும் தலை பின்பக்கமும் இருக்கும்படி படுப்பது நல்லது. டிரைவர் சடன் பிரேக் போட்டால் மோதுவது காலாக இருக்கட்டும், தலை வேண்டாம்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மாத்திரையைப் பெட்டியில் போட்டு டிக்கியில் தள்ளிவிடக் கூடாது. கைப்பையில் வைக்க வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேரம் காலைத் தொங்கப் போட்டால் வீங்கும். வண்டி நிற்கும் இடத்தில் இறங்கி நாலு எட்டு நடக்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே பாதத்தை மேலும் கீழும் ஆட்டலாம். 'பாத்ரூம் போகணுமே' என்று தண்ணீரே குடிக்காமல் வரும் பெண்கள் ஏராளம். அது உடம்புக்குக் கெடுதல். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம்.

டிப்-டாப் ஆசாமி

பக்கத்து சீட்டில் ஒரு டிப்-டாப் ஆசாமி. நெற்றியில் விபூதி. வாயில் "அண்ணே, அக்கா" என்று மரியாதை. ஊர்க்கதை பேசுகிறான். கடைசியில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து நீட்டுகிறான்.

"சும்மா சாப்பிடுங்கண்ணே. எங்க ஊர் கோவில் பிரசாதம் மாதிரி நினைச்சுக்குங்க."

சாப்பிட்டவர் காலையில் ஆஸ்பத்திரியில் கண் விழிக்கிறார். செயின் இல்லை, மோதிரம் இல்லை, பை இல்லை. ஆசாமி வழியிலேயே கம்பி நீட்டிவிட்டான்!

இது எத்தனையோ வருடமாக நடக்கும் பழைய வித்தை. இன்னும் ஆட்கள் ஏமாறுகிறார்கள். "வேண்டாம்" என்று சொல்ல வெட்கப்படுவதுதான் காரணம். "டாக்டர் வெளியே சாப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்" என்று ஒரு பொய் சொன்னால் யார் மனசும் நோகாது.

இன்னொரு வித்தை, காசு போடும் வித்தை. பஸ் கிளம்பும் நேரம். ஜன்னல் ஓரம் ஒருவன் வந்து, "சார், உங்க காசு கீழே கிடக்குது" என்கிறான். பார்த்தால் இரண்டு பத்து ரூபாய் நோட்டு. பயணி குனிகிறார். மடியில் இருந்த பை அபேஸ்! இருபது ரூபாய்க்கு ஆசைப்பட்டு இருபதாயிரத்தைக் கோட்டை விட்டவர்கள் உண்டு. காசு கிடந்தால் கிடக்கட்டும். முதலில் பையைப் பிடிக்க வேண்டும்.

மேலே உள்ள ரேக்கில் பையைத் தலைக்கு நேர் மேலே வைப்பது பலர் வழக்கம். அது தப்பு. தலைக்கு மேலே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. எதிர்ப்பக்க ரேக்கில் வைத்தால் உட்கார்ந்த இடத்தில் இருந்தே பார்க்கலாம். நகை, பணம், பத்திரம் மூன்றும் உடம்போடு ஒட்டிய பையில் இருக்க வேண்டும். டிக்கியில் பெட்டி போட்டால் டோக்கன் கொடுக்கிறார்களா என்று கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியை செல்போனில் ஒரு படமாவது எடுத்து வைக்கலாம். "பச்சைப் பெட்டிங்க" என்று சொன்னால், ஒரு பஸ்சில் நாலு பச்சைப் பெட்டி இருக்கும்.

டீக்கு நின்ற இடத்தில்

நடு ராத்திரி. திண்டிவனமோ, விக்கிரவாண்டியோ, உளுந்தூர்பேட்டையோ. வரிசையாக பஸ்கள் நிற்கின்றன. எல்லாம் ஒரே நிறம். தூக்கக் கலக்கத்தில் இறங்கியவர் டீ குடித்துவிட்டுத் திரும்பினால், தன் பஸ் எது என்று தெரியவில்லை. ஒருவர் வேறு பஸ்சில் ஏறித் தூங்கிவிட்டு, விடிந்த பிறகு "இது எந்த ஊரு?" என்று கேட்டால் சிரிப்புக் கதை. அவருக்கு மட்டும் சிரிப்பு வராது.

இறங்கும்போது வண்டி நம்பரில் கடைசி நாலு எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டும். செல்போனும் பணமும் கையோடு வர வேண்டும். "எத்தனை நிமிஷம் நிக்கும்?" என்று டிரைவரிடம் கேட்க வேண்டும். பக்கத்து சீட்டுக்காரரிடம் "நான் வராம வண்டியை எடுக்க விடாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தனியாக வரும் பெண்கள் இன்னொரு பெண்ணையும் சேர்த்துக்கொண்டு இறங்குவது நல்லது. வெளிச்சம் உள்ள பக்கமே போக வேண்டும்.

வழியில் யாராவது தொல்லை கொடுத்தால் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது. கண்டக்டரைச் சத்தமாகக் கூப்பிட வேண்டும். 112 அவசர போலீஸ். 181 பெண்கள் உதவி. தனியாகத் தவிக்கும் குழந்தையைக் கண்டால் 1098. ஆம்புலன்ஸ் 108. இந்த நாலு எண்ணும் செல்போனில் இருக்கட்டும்.

சிவப்பு சுத்தியல்

இனி உயிர் சமாசாரம்.

2011 ஜூன் மாதம். சென்னையில் இருந்து திருப்பூர் போன ஆம்னி பஸ், காவேரிப்பாக்கம் அருகே கவிழ்ந்து தீப்பிடித்தது. 22 பேர் கருகிச் செத்தார்கள்.

2013 அக்டோபர் 30 அதிகாலை. பெங்களூருவில் இருந்து ஐதராபாத் போன சொகுசு பஸ், மகபூப்நகர் மாவட்டத்தில் தீப்பிடித்தது. 45 பேர் பலி.

2025 அக்டோபர் 24 அதிகாலை. ஐதராபாத்தில் இருந்து பெங்களூரு வந்த படுக்கை பஸ். கர்னூல் அருகே ரோட்டில் விழுந்து கிடந்த மோட்டார் சைக்கிள் பஸ்சுக்கு அடியில் சிக்கியது. தீ பிடித்தது. 19 பயணிகள் பலி.

மூன்றுமே ராத்திரிப் பயணம். பலரும் தூக்கத்தில் இருந்தார்கள். குளுகுளு பஸ்சில் ஜன்னல் திறக்காது. புகை சூழ்ந்தால் கதவு எந்தப் பக்கம் என்றே தெரியாது. பயணிகளைக் கொல்வது நெருப்பு மட்டும் இல்லை, புகையும்தான்.

அதனால் சீட்டில் உட்கார்ந்ததும் முதல் வேலை, சுற்றிப் பார்ப்பது. அவசர வழி எங்கே? ஏறும் கதவு இடது பக்கம். அவசரக் கதவு பெரும்பாலும் வலது பக்கம் அல்லது பின்பக்கம் இருக்கும். தன் சீட்டில் இருந்து அது எத்தனை வரிசை தள்ளி என்று எண்ணி வைக்க வேண்டும். இருட்டில் கண் உதவாது. சீட்டுகளைத் தொட்டு எண்ணிக்கொண்டே போகலாம்.

அடுத்து, ஜன்னல் ஓரம் மாட்டியிருக்கும் சின்ன சிவப்பு சுத்தியல். அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால், "சுத்தியல் எங்கே?" என்று கேட்க வேண்டும். பயணிகள் கேட்காத வரை மாட்ட மாட்டார்கள்.

கண்ணாடியை உடைப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நடுவில் அடித்தால் லேசில் உடையாது. மூலையில் அடிக்க வேண்டும். ஓங்கி ஒரு அடி விழுந்தால் கண்ணாடி முழுக்கப் பொடியாகும். இது பக்கவாட்டு ஜன்னலுக்குத்தான். டிரைவருக்கு முன்னால் உள்ள பெரிய கண்ணாடி இப்படி நொறுங்காது. அதில் நேரத்தை வீணாக்கக் கூடாது.

புகை வந்தால் குனிந்து போக வேண்டும். துணியால் மூக்கை மூட வேண்டும். பெட்டியைத் தேடக் கூடாது. ஒருவர் பெட்டி எடுக்க நின்றால், அவருக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்க வேண்டி வரும்.

அவசரக் கதவை மறைத்து பார்சல் மூட்டை அடுக்கியிருந்தாலோ, நடைபாதையில் சாமான் குவித்திருந்தாலோ, கிளம்பும் முன்பே சண்டை போட வேண்டும். கிளம்பிய பிறகு சண்டை போட்டுப் பயன் இல்லை. டிரைவர் செல்போனில் பேசிக்கொண்டே ஓட்டினாலும் அப்படித்தான். அதிகாலை இரண்டு மணியில் இருந்து ஐந்து மணி வரை டிரைவர் கண்ணைத் தூக்கம் அழுத்தும் நேரம். வண்டி தள்ளாடினால், "அண்ணே, ஓரம் கட்டி ஒரு டீ சாப்பிட்டுப் போகலாம்" என்று சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டாம்.

பணம் திரும்பி வரும், பொறுமை!

பஸ் ரத்தாகிவிட்டது. டிக்கெட் பணம் வரவில்லை. பயணி என்ன செய்கிறார்? இண்டர்நெட்டில் கம்பெனியின் போன் நம்பரைத் தேடுகிறார். முதலில் கண்ணில் பட்ட நம்பருக்குப் போன் போடுகிறார்.

எதிர்முனையில் தேனாகப் பேசுகிறான். "இந்த ஆப்பை இறக்குங்க சார். ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லுங்க. உடனே பணம் ஏறிடும்."

ஏறாது. இருக்கிற பணமும் இறங்கிவிடும்! டிக்கெட் பணம், கட்டிய கணக்குக்கே திரும்பி வரும். அதற்கு ஓ.டி.பி. எண் தேவை இல்லை. ரகசிய எண்ணும் தேவை இல்லை. டிக்கெட்டில் அச்சாகி இருக்கும் நம்பரை மட்டுமே கூப்பிட வேண்டும். ஏமாந்துவிட்டால் நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

"எங்க எல்லை இல்லை!"

விழுப்புரம் பக்கம் பை திருடு போகிறது. மதுரையில் இறங்கும்போதுதான் தெரிகிறது. போலீஸ் நிலையத்துக்குப் போனால், "இது எங்க எல்லை இல்லை. விழுப்புரம் போய்க் கொடுங்க" என்ற பதில் வரலாம்.

அப்படித் திருப்பி அனுப்பக் கூடாது. 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா சட்டத்தின் 173-வது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிவு செய்யச் சொல்கிறது. இதற்கு 'ஜீரோ எப்.ஐ.ஆர்.' என்று பெயர். பிறகு அவர்களே உரிய நிலையத்துக்கு அனுப்புவார்கள். எப்.ஐ.ஆர். நகலும் இலவசம். "173-வது பிரிவு இருக்குங்களே ஐயா" என்று பணிவாகச் சொன்னாலே போதும்.

விடியற்காலை

இறங்கும் இடத்திலும் ஒரு கண் வேண்டும். சில பஸ்கள் ஊருக்குள் போகாமல் பைபாசிலேயே இறக்கிவிட்டுப் போகும். நாலு மணி இருட்டில், ஆள் இல்லாத இடத்தில் ஒரு பெண் தனியாக நிற்க நேரும். ஏறும்போதே "ஊருக்குள்ளே போகுமா, பைபாசா?" என்று கேட்க வேண்டும்.

ஊர்களிலும் நிலையம் மாறுகிறது. திருச்சியில் பஞ்சப்பூரில் புதிய பஸ் முனையம் 2025-ல் திறக்கப்பட்டது. மதுரையில் சென்னை பஸ்சுக்கு மாட்டுத்தாவணி. கோவை பக்கத்து பஸ்சுக்கு ஆரப்பாளையம். கூட்டிப் போக வரும் உறவினர் ஒரு நிலையத்தில், இறங்கியவர் வேறு நிலையத்தில் என்று தேடிக்கொண்டு நிற்க வேண்டாம்.

அந்தப் பெரியவர்?

காது குத்துக்குக் கோட்டை விட்ட பெரியவர், நாலு நாள் பேரனோடு இருந்துவிட்டு ஊர் திரும்பினார். ஆறு மணி பஸ்சுக்கு ஐந்து மணிக்கே வடசேரி நிலையத்தில் ஆஜர். டிக்கெட்டை இரண்டு தடவை வாசித்தார். மாத்திரை கைப்பையில். பை எதிர்ப்பக்க ரேக்கில். வண்டி நம்பரை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார்.

உட்கார்ந்ததும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அந்தச் சிவப்பு சுத்தியலையே உத்துப் பார்க்கிறீங்க?" என்று கேட்டார் மனைவி.

"எங்கே இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டாத்தான் தூக்கம் வரும்" என்றார் பெரியவர்.

பஸ் கிளம்பியது. வள்ளியூர் வருவதற்குள் குறட்டை விட்டார்!